எண்டர்பிரைஸ் படகு: சென்டர்போர்டு பெட்டி ஓரத்தில் பெயிண்ட் கொப்புளம்

13 அடி 3 அங்குல எண்டர்பிரைஸ் (சிறிய பாய்மரப் படகு), பழைய பிளைவுட் உடல். சென்னை திருவான்மியூரில், கார் ஷெட்டில் கவிழ்த்துப் போட்டு வேலை நடக்கிறது. அடியில் அடித்த டூ-பேக் பாலியூரித்தேன் பெயிண்ட் (இரண்டு டப்பா கலந்து அடிப்பது) பத்தே நாளில் மிளகு மிளகாகக் கொப்புளிக்கிறது. சென்டர்போர்டு பெட்டிக்கு (தண்ணீருக்குள் இறக்கி ஏற்றும் நடுப்பலகை நிற்கும் ஒடுக்கமான கூடு) இரு பக்கமும் ஒரு சாண் அகலம் மட்டும்தான். மற்ற இடமெல்லாம் நகத்தால் கீறினாலும் அசையவில்லை.

செய்தது: ஹீட் கன்னில் சுரண்டல், 80 நம்பர் உப்புத்தாள், எபாக்சி (மரத்தில் ஈரம் புகாமல் பூசும் பிசின்) மூன்று கோட், பிரைமர் இரண்டு, பெயிண்ட் இரண்டு. எல்லாம் அக்டோபர் கடைசியில், மழைக்கு நடுவே (அவசரம்தான்).

ஒருமுறை சுரண்டித் திரும்ப அடித்தும் அதே இடம். அந்தத் தடவை எபாக்சி மேல் படியும் பிசுக்கைத் தண்ணீரும் ஸ்க்ரப்பரும் போட்டுக் கழுவியாயிற்று. அதனால் காரணம் அதுவல்ல. கொப்புளத்தைக் குத்தினால் ஒரு துளி தண்ணீர், எபாக்சியே மரத்தை விட்டுத் தோலாக உரிகிறது. ஈரமானியில் அங்கே 19%, மற்ற இடத்தில் 12%. பெட்டியின் உள்பக்கம் பூச்சில்லாத வெறும் மரம். ஈரம் அங்கிருந்துதான் ஏறுகிறது. ஒரு வாரம் ஃபேன் வைத்தும் 17-க்குக் கீழே இறங்கவில்லை.

பெட்டியைக் கழற்றாமலே அந்த ஒடுக்கமான இடுக்கைக் காயவைத்து, உள்ளே எபாக்சி பூசியவர்கள் எப்படிச் செய்தீர்கள்?