மயூர் விஹார் உறவுகள்: அத்தையின் சான் பிரான்சிஸ்கோ பயணம்

சாரதா அத்தை: தில்லிக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் ஏறக்குறைய 12,400 கிலோமீட்டராம். விமானம் மணிக்கு 900 கிலோமீட்டர் பறக்கிறது. பதினான்கு மணி நேரத்துக்குள் போய்விடலாமே, டிக்கெட்டில் ஏன் பதினைந்தரை என்று போட்டிருக்கிறார்கள்?

முரளி: அது பூமி உருண்டையின் மேல் நூல் பிடித்து அளந்த தூரம், அத்தை. அந்தக் கோடு இமயமலை, திபெத், சைபீரியா எல்லாம் தாண்டி ஆர்க்டிக் வரை ஏறி இறங்குகிறது. விமானம் அப்படியே போவதில்லை.

மாலா சித்தி: குறுக்குவழியை விட்டுவிட்டுச் சுற்றுவானேன்?

முரளி: விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்தால் சட்டென்று 10,000 அடிக்கு இறங்கியாக வேண்டும். திபெத்தில் பெரும்பாலான இடங்களில் தரையே அதைவிட உயரம். அதனால் கூடியமட்டும் ஒதுங்கியே போவார்கள்.

பெரியப்பா: அதைவிடப் பெரிய விஷயம் காற்று. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா இதே தில்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் பக்கமிருந்து பசிபிக் பக்கம் மாற்றியது. பழைய வழி 13,900 கிலோமீட்டர், புதியது 15,300. ஆனால் பதினான்கரை மணி நேரத்தில் போய் இறங்கியது. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் மிச்சம்!

மாலா சித்தி: தூரம் கூடியும் நேரம் குறைந்ததா?

பெரியப்பா: ஆமாம். பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசும் காற்று, குளிர்காலத்தில் மணிக்கு 200 கிலோமீட்டரைக்கூடத் தாண்டும். கிழக்கே போனால் பின்னாலிருந்து தள்ளும், மேற்கே போனால் முகத்தில் அடிக்கும். வரைபடத்தில் கோடு போட்டு நேரம் சொல்பவர்களை நான் நம்புவதேயில்லை.

சாரதா அத்தை: ஐரோப்பாவில் மாறிப் போகும் டிக்கெட் மலிவாக இருக்கிறதே?

முரளி: வேண்டாம், அத்தை. அது எதிர்காற்றில் போகும் வழி. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது, மேற்கே போகும் நம் விமானங்கள் அரபிக் கடல் பக்கமாகச் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. டிசம்பரில் தில்லி மூடுபனி வேறு. இங்கே கிளம்பத் தாமதமானால் அங்கே அடுத்த விமானம் போய்விடும்.

சாரதா அத்தை: சரி. இரவு எட்டு மணிக்கு இன்சுலின் போட வேண்டுமே, எந்த ஊர் எட்டு மணி?

காவேரி: இதுதான் முக்கியமான கேள்வி, பெரியம்மா. அதிகாலை 4 மணிக்குக் கிளம்பினால் நம் நேரம் இரவு 7.30க்கு இறங்குவீர்கள். டிசம்பரில் அந்த ஊர் நமக்குப் பதின்மூன்றரை மணி நேரம் பின்னால், ஆகவே அங்கே அதே தேதியில் காலை 6 மணி. எப்போது, எவ்வளவு போடுவது என்று டாக்டரிடம் இந்த நேரங்களைக் காட்டி எழுதி வாங்குங்கள். மருந்தைக் கைப்பையில் வையுங்கள், சரக்கு அறைக் குளிரில் இன்சுலின் கெட்டுவிடலாம். நடைபாதை ஓர இருக்கை கேளுங்கள். அவ்வப்போது எழுந்து நடக்காவிட்டால் கால் வீங்கும், ரத்தம் உறையவும் கூடும்.

சாரதா அத்தை: நேர் விமானமே போடு, முரளி. நாளைக் காலை டாக்டரைப் பார்த்துவிடுகிறேன்.

முரளி: ஓர இருக்கையோடு போட்டுவிடுகிறேன், அத்தை.