குடியிருப்பு மண்ணைச் சோதிக்க ஆட்களை எப்படிச் சேர்ப்பது?

கொளத்தூர்வாசி:
எங்கள் குடியிருப்பில் 48 வீடுகள். பின்பக்கக் காலியிடத்தில் கட்டட இடிபாட்டின் மேலேயே செம்மண் கொட்டி மூடியிருக்கிறார்கள். அங்கே வைத்த மூன்று கறிவேப்பிலையும் நரம்பு மட்டும் பச்சையாக, மற்றதெல்லாம் வெளுத்து நிற்கின்றன. "நம் மண்வளத்தை நாமே ஆராய்வோம்" என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கட்டைவிரல் 21 விழுந்தது. நேரில் வந்தது ஏ பிளாக் மாமியும் ஏழாவது படிக்கும் பையன் ஒருவனும்தான். பேசாமல் நானே ஆய்வகத்துக்கு அனுப்பிவிடவா?

மண்புழுத்தாத்தா:
தம்பி, மண்வளம் என்று கூப்பிட்டால் யார் வருவார்கள்? கறிவேப்பிலை ஏன் வெளுத்தது என்று கூப்பிடுங்கள், வருவார்கள். வந்தவர்கள் முன்னால் காய்ந்த மண்ணில் கொஞ்சம் வினிகர் ஊற்றுங்கள். பொங்கினால் சுண்ணாம்பு. இடிபாட்டிலுள்ள சிமென்டும் சுண்ணாம்பும் மண்ணின் காரத்தன்மையை ஏற்றிவிடும். அப்புறம் மண்ணில் இரும்பு இருந்தாலும் செடியால் எடுக்க முடியாது, இலை வெளுத்துவிடும்.

ஆய்வகத்துக்கும் அனுப்புங்கள், ஆனால் எடுக்கும் முறை எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். மேல் குப்பையை ஒதுக்கி, 15 செ.மீ. ஆழத்துக்கு 'வி' வடிவில் வெட்டி, ஓரத்திலிருந்து சுரண்ட வேண்டும். பத்து இடத்து மண்ணைக் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளுங்கள். அரைக் கிலோ ஆகும்வரை இப்படியே. பிளாஸ்டிக் வாளிதான், துத்தநாகம் பூசிய இரும்பு வாளி வேண்டாம், கணக்கில் துத்தநாகம் ஏறிவிடும்.

எங்கள் தெருவில் செய்தபோது ஒருவர் தோண்டச் சோம்பல்பட்டு ரோஜாத் தொட்டி மண்ணைக் கொடுத்துவிட்டார். அறிக்கையில் கரிமச்சத்து அமோகம்! மூன்று நாள் சந்தோஷமாக இருந்தோம்.

சிட்னி_தமிழச்சி:
அண்ணா, ஈயத்தையும் பாருங்கள். இங்கே மெக்குவாரி பல்கலைக்கழகம் 2013-இல் 'வெஜ்சேஃப்' என்று ஒரு திட்டம் தொடங்கியது. தோட்ட மண்ணை மக்களே எடுத்து அனுப்ப, உலோகங்களை அளந்து சொன்னார்கள். பழைய பெயின்ட் உதிர்ந்த சுவரோரம்தான் பெரும்பாலும் வில்லங்கம். வீட்டு மண்ணில் கிலோவுக்கு 300 மில்லிகிராம் ஈயம் என்பது ஆஸ்திரேலிய வரம்பு.

இந்தியாவில் ஈயப் பெட்ரோல் 2000-இல் நின்றது. ஆனால் சாலையோரம் படிந்த ஈயம் மட்கிப் போகிற பொருளா என்ன? அரசு விவசாயிகளுக்குத் தரும் மண்வள அட்டையில் வரும் 12 அளவுகளில் ஈயம் கிடையாது, தனியாகக் கேட்க வேண்டும். குழந்தைகள் மண்ணளைந்த கையை வாயில் வைப்பார்கள், அதுதான் பயம். முடிவைப் பகிரும்போது யார் வீட்டு எண்ணையும் போடாதீர்கள். வீட்டு விலை விழும் என்ற பேச்சு கிளம்பினால் அடுத்த முறை ஒருவரும் மண் தரமாட்டார்.

பருத்திப்பித்தன்:
சிரிக்கக் கூடாது. சுவிட்சர்லாந்தில் 2021-இல் அக்ரோஸ்கோப் ஆய்வு நிலையமும் சூரிக் பல்கலைக்கழகமும் ஆயிரம் பேரை ஆளுக்கு இரண்டு பருத்தி ஜட்டி புதைக்க வைத்தன. மண்ணில் உயிர் இருந்தால் நுண்ணுயிர்கள் பருத்தியைத் தின்றுவிடும், எலாஸ்டிக் மட்டும் மிஞ்சும். நமக்கு ஜட்டி எதற்கு, பழைய வேட்டியைக் கிழித்துப் புதைக்கலாம். பாலியெஸ்டர் கலப்பு மட்டும் வேண்டாம்.

கொளத்தூர்வாசி:
இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன். வினிகர் பொங்கிய வீடியோவைப் போட்ட மறுநாள் பதினோரு பேர் வந்தார்கள். மாமி தன் வீட்டுக்காரரின் வேட்டியை அவரிடம் சொல்லாமலே கிழித்துக் கொடுத்தார். ஆறு துண்டு புதைத்தோம். ஒன்றைப் பெருச்சாளி கொண்டுபோய்விட்டது. வேப்பமரத்தடியில், சருகு கூட்டாமல் விட்ட இடத்தில், பச்சைக் கரை மட்டும் கயிறுபோல வந்தது, துணியே இல்லை. இடிபாட்டுப் பக்கத் துண்டு முழுசாக இருக்கிறது, துவைத்தால் மாமா திரும்பக் கட்டலாம். செயலாளர் அதைக் கையில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நாளையிலிருந்து சருகை வண்டியில் ஏற்ற வேண்டாம்" என்றார்.

மண் நிழலில் காய்கிறது. திங்கட்கிழமை ஆய்வகத்துக்குப் போகும். ஈயமும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். தொட்டி மண் கொண்டுவந்தவர் எங்களிலும் ஒருவர் இருந்தார், திருப்பி அனுப்பிவிட்டோம்.