மஹிந்திரா தாருக்கு எந்த டிராலி ஜாக்கி? 2 டன் ஜாக்கி எட்டவில்லை, கட்டை சரிந்துவிட்டது

அரியாங்குப்பம் (கேட்டவர்):

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 2021 மாடல் மஹிந்திரா தார், ஃபோர் பை ஃபோர் (நான்கு சக்கரத்துக்கும் இழுவை உள்ளது). டயர் 255/65 ஆர் 18. வீட்டு வாசலிலேயே டயரை இடம் மாற்றிப் போடுவது, பிரேக் பேட் பார்ப்பது, கடற்கரைப் பக்கம் போய் வந்தால் அடியில் ஒட்டிய மணலையும் உப்பையும் கழுவுவது, இவ்வளவுதான் என் வேலை. பழைய காருக்கு வாங்கிய 2 டன் டிராலி ஜாக்கி (அடியில் சக்கரம் வைத்து உருளும் ரகம்) ஒன்று இருக்கிறது. பெட்டியில் தூக்கும் உயரம் 13.5 முதல் 34 செ.மீ. வரை என்று போட்டிருக்கிறது.

போன ஞாயிறு பின்பக்க இடது சக்கரத்தைக் கழற்றலாம் என்று சேஸிஸுக்கு (வண்டியின் அடிச்சட்டம்) அடியில் ஜாக்கியைத் தள்ளினேன். முழுசாக ஏற்றியும் சேஸிஸைத் தொடவே இல்லை. சரி என்று இரண்டு வேப்பங்கட்டைத் துண்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக ஜாக்கியின் தலையில் உள்ள கிண்ணத்தில் வைத்து ஏற்றினேன். வண்டி ஏறுகிறது, டயர் மட்டும் தரையை விட்டுக் கிளம்பவே இல்லை. இன்னும் இரண்டு அடி அடிப்போம் என்று கைப்பிடியை அழுத்தியதும் மேல் கட்டை சரிந்தது. வண்டி தொம்மென்று உட்கார்ந்தது, ஜாக்கி பக்கவாட்டில் தெறித்துப் போய்த் துளசி மாடத்தில் இடித்து நின்றது. நல்லவேளை, சக்கரத்தைக் கழற்றவில்லை. அம்மா இன்னும் என்னோடு பேசவில்லை.

கடைக்காரர் "தார்னா 3 டன், கண்ணை மூடிட்டு எடுங்க" என்கிறார். 3 டன் போதுமா?

வில்லியனூர்:

5 டன்னே எடுத்துவிடுங்கள். ஒரே செலவு, கவலை இல்லை.

கடலூர் முதுநகர் (பட்டறைக்காரர்):

தம்பி, முதலில் டன்னை விடுங்கள். உங்கள் வண்டி மொத்தமே ஏறக்குறைய ஒன்றே முக்கால் டன். ஒரு மூலையைத் தூக்கும்போது ஜாக்கி சுமப்பது அதில் கால் பங்கு, கொஞ்சம் கூடக்குறைய. பின்பக்கம் முழுவதையும் தூக்கினாலும் ஒரு டன்னைத் தாண்டாது. எடை தாங்குவதற்கு உங்கள் 2 டன் ஜாக்கியே போதும். அது தோற்றது உயரத்தில்.

சேஸிஸில் கொடுத்துத் தூக்கினால் முதலில் ஸ்பிரிங் நீளும், பின் சக்கரம் இரண்டையும் இணைக்கும் ஆக்சில் கீழேயே தொங்கிக்கொண்டிருக்கும். உறியைத் தூக்கினால் முதலில் கயிறுதானே விறைக்கும், பானை அப்புறம்தான் கிளம்பும். அதே கதை. ஃபோர் பை ஃபோர் வண்டியில் இந்தத் தொங்கல் காரைவிட அதிகம். பள்ளம் மேட்டில் சக்கரம் தரையை விடக்கூடாது என்றே அப்படிச் செய்திருக்கிறார்கள்.

டேப் எடுத்து இரண்டு அளவு சொல்லுங்கள். தரையிலிருந்து பின் ஆக்சில் குழாயின் அடிப்பக்கம் எவ்வளவு, சேஸிஸின் அடிப்பக்கம் எவ்வளவு. அப்புறம், உங்கள் வாசல் தரை சிமெண்டா, மண்ணா?

அரியாங்குப்பம்:

ஆக்சில் குழாய் 33 செ.மீ., சேஸிஸ் 44 செ.மீ. வாசலில் பேவர் கல் பதித்திருக்கிறோம். சந்துகளில் மணல், ஓரங்களில் கொஞ்சம் இறங்கியும் இருக்கிறது.

கடலூர் முதுநகர்:

அந்த அளவிலேயே உங்களுக்கு பதில் இருக்கிறது. ஆக்சிலுக்கு அடியில் வைத்திருந்தால்கூட உங்கள் 34 செ.மீ. ஜாக்கி தொட்டபின் ஒரு செ.மீ.தான் தூக்கியிருக்கும். வண்டி எடையில் டயரின் அடி நசுங்கி இருக்கும், தூக்கும்போது அது நிமிர்வதற்கே இரண்டு மூன்று செ.மீ. போய்விடும். அதற்கு மேல் சக்கரம் தாராளமாகக் கழற ஐந்து செ.மீ. வேண்டும். ஆக, ஆக்சில் வழியாகத் தூக்க 41, 42 செ.மீ. எட்ட வேண்டும். சேஸிஸ் வழியாக என்றால் 44-க்கு மேல் ஸ்பிரிங் தொங்கல், டயர் நிமிர்வது எல்லாம் சேர்த்து 60 செ.மீ. பக்கம் போய்விடும். 3 டன் ஜாக்கியிலேயே குட்டை ரகமும் உண்டு, 50 செ.மீ. போகும் நெட்டை ரகமும் உண்டு. கண்ணைத் திறந்துகொண்டே அந்த 50 செ.மீ. வரியைத் தேடி எடுங்கள். அடி அகலம் கூடுதல் என்பதும் 3 டன்னில் ஒரு லாபம்.

தரையோடு ஒட்டி நுழையும் தாழ்வான ஜாக்கி உங்களுக்குத் தேவையில்லை. அது காருக்கு. பஞ்சராகி டயர் முழுசாகப் படுத்தாலும் ஆக்சிலுக்கு அடியில் 20 செ.மீ.க்குக் குறையாது, 14-இல் தொடங்கும் ஜாக்கி தாராளமாக நுழையும்.

இனி கட்டை ஏன் சரிந்தது என்பதற்கு வருகிறேன். டிராலி ஜாக்கியின் கை நேராக மேலே போவதில்லை, ஏற்றத்தின் துலா மாதிரி வளைவாகப் போகிறது. கிண்ணம் உயர உயரக் கொஞ்சம் பின்னுக்கும் வரும். அந்த நகர்வுக்கு ஈடாக ஜாக்கியே உருண்டு உள்ளே போக வேண்டும். அதற்காகத்தான் கீழே சக்கரம், இழுத்துப் போவதற்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். பேவர் சந்தில் அந்தச் சின்ன இரும்புச் சக்கரம் மாட்டிக்கொண்டால் ஜாக்கி உருளாது, கிண்ணம்தான் வண்டியை இழுக்கும். கட்டை இரண்டாக வேறு இருந்தால் அது வழுக்கத்தான் செய்யும். இரண்டடிக்கு மூன்றடி, முக்கால் இஞ்ச் பிளைவுட் ஒன்று போட்டு அதன் மேல் ஜாக்கியை வையுங்கள். பலகையை மணல் இல்லாமல் துடைத்துவிட்டு வைக்கணும். வெறும் மணலில் டிராலி ஜாக்கியை எடுக்கவே வேண்டாம்.

லாஸ்பேட்டை (மாருதி ஜிம்னி வைத்திருப்பவர்):

ஐயா சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். ஆக்சில் வழி தாரின் பின்பக்கத்துக்கு மட்டும்தான். என் ஜிம்னிக்கு முன்னும் பின்னும் ஒரே குழாயாக ஓடும் ஆக்சில், எங்கே வேண்டுமானாலும் அப்படித் தூக்கலாம். தாரின் முன்பக்கம் சக்கரத்துக்குச் சக்கரம் தனி சஸ்பென்ஷன். அங்கே குழாய் என்று நினைத்து, சக்கரத்தைச் சுழற்றும் தண்டான டிரைவ் ஷாஃப்டுக்கு அடியில் கொடுத்துவிடாதீர்கள். வண்டிக் கையேட்டில் முன்பக்க இடம் படத்தோடு இருக்கும்.

இன்னொன்று, எடை. உயரம் போகும் 3 டன் ஜாக்கி முப்பது கிலோவைத் தாண்டும். என்னால் அதைத் தூக்கி வண்டியில் ஏற்ற முடியாது. வெளியூர் போகும்போது ஒரு பாட்டில் ஜாக்கியும் ஒரு பலகையும்தான்.

வில்லியனூர்:

ஆஃப்ரோடு போகிறவர்கள் வண்டியில் மாட்டியிருப்பார்களே, ஆளுயர ஜாக்கி, அது எப்படி?

கடலூர் முதுநகர்:

சேற்றில் மாட்டிய வண்டிக்கு அது. கம்பெனி பம்பரில் அதைக் கொடுக்க இடமே கிடையாது. கைப்பிடி திரும்பி அடித்தால் தாடை போகும். சக்கரம் கழற்றும் வேலைக்கு வேண்டாம்.

அரியாங்குப்பம்:

தெளிவாகிவிட்டது ஐயா. ஹேண்ட்பிரேக் போட்டிருந்தும் அன்றைக்கு வண்டி ஒரு சாண் முன்னே நகர்ந்தது. அது ஏன்? காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய ஜாக்கி கிடைத்தால் எடுக்கலாமா?

கடலூர் முதுநகர்:

ஹேண்ட்பிரேக் பிடிப்பது பின் சக்கரங்களை. ஒன்றைத் தூக்கினால் மற்றது ஒன்றுதான் தரையைப் பிடித்திருக்கும். கேபிள் தளர்ந்திருந்தால் அதுவும் பாதிதான். அதனால் கியரில் போடுங்கள், முன் சக்கரங்களுக்கும் இழுவையைச் சேர்க்கும் டிரான்ஸ்ஃபர் லீவரையும் ஃபோர் ஹையில் (4H) போடுங்கள். பின்னால் ஒரு சக்கரம் மேலே சுற்றினாலும் முன் சக்கரங்கள் எஞ்சினோடு கட்டுண்டு நிற்கும். ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கில். அப்புறமும் முன் சக்கரம் இரண்டுக்கும் இருபுறமும் கல் கொடுங்கள். செங்கல் நொறுங்கும், கட்டையோ கருங்கல்லோ வையுங்கள். ஒரு சக்கரம் மேலே இருக்கும்போது எஞ்சினை மட்டும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஃபோர் வீலில் மற்ற சக்கரங்கள் வண்டியை ஜாக்கியிலிருந்து இறக்கி ஓட்டிவிடும். டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் ஹேண்ட்பிரேக் டிரம் உள்ள பழைய ஜீப் வைத்திருப்பவர்கள் யாராவது படித்தால், உங்களுக்குக் கல் இல்லாமல் வேலையே கிடையாது. பின்னால் ஒரு சக்கரம் தூக்கியதும் பிரேக் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

பழைய ஜாக்கி எடுக்கலாம், சோதித்து எடுங்கள். எண்ணெய் அழுத்தத்தில் நீளும் ஜாக்கித் தண்டை முழுசாக வெளியே வரவைத்துப் பாருங்கள், நம் கடலோரக் காற்றில் அதில்தான் முதலில் துரு பிடிக்கும். துருப் புள்ளி இருந்தால் சீலை அறுத்துக்கொண்டே இருக்கும். அடியில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் வேண்டாம். ஒரு வண்டியைப் பாதி தூக்கிச் சாக்பீஸில் கோடு போட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள். கோடு இறங்கியிருந்தால் விலை பேசாமல் கிளம்பிவிடுங்கள்.

ஸ்டாண்டு இரண்டு வாங்கினீர்களா? யாருமே கேட்கவில்லை பாருங்கள். ஜாக்கி தூக்குவதற்கு, ஸ்டாண்டு நிற்பதற்கு. 3 டன் ஸ்டாண்டு ஏறக்குறைய 28-லிருந்து 42 செ.மீ. வரும், உங்கள் ஆக்சில் குழாய்க்குச் சரியாக இருக்கும். பிரேக் பைப் ஓடும் இடத்தைப் பார்த்து ஒதுக்கி வையுங்கள். ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் என் பையனையே நான் விடமாட்டேன்.

அரியாங்குப்பம் (ஒன்பது நாள் கழித்து):

புதியதே வாங்கிவிட்டேன். 3 டன், 14.5 முதல் 50 செ.மீ., கூடவே ஸ்டாண்டு இரண்டு, பிளைவுட் ஒன்று. ஆக்சிலில் கொடுத்ததும் எட்டாவது அடியிலேயே டயர் கிளம்பிவிட்டது. பலகை மேல் ஜாக்கி ஒரு விரல்கடை உருண்டு உள்ளே போனதைக் கண்ணால் பார்த்தேன். ஆனால் ஸ்டாண்டு வைக்கும் முன்பே ஒரு செ.மீ. மெல்ல இறங்குகிறது. திருப்பிக் கொடுத்துவிடலாமா?

கடலூர் முதுநகர்:

அவசரப்படாதீர்கள். புதியதில் இறக்கும் வால்வில் தூசியோ உள்ளே காற்றோ இருக்கும். சுமை இல்லாமல் வால்வைத் திறந்து வைத்துப் பத்துப் பதினைந்து அடி அடியுங்கள், பிறகு இறுக்கி மூடிப் பாருங்கள். எண்ணெய் குறைவாக இருந்தால் கையை முழுசாக இறக்கிவிட்டு ஜாக்கி எண்ணெய் ஊற்றுங்கள். பிரேக் ஆயில் ஊற்றிவிடாதீர்கள், சீல் ஊதிப் போகும். அப்புறமும் இறங்கினால் பில்லோடு கடைக்குப் போங்கள்.

அரியாங்குப்பம்:

பதினைந்து அடி அடித்து மூடினேன். நேற்று இரவு சாக்பீஸ் கோடு போட்டேன், அரை மணி நேரத்தில் அசையவில்லை. நான்கு டயரும் இடம் மாற்றியாகிவிட்டது. மிக்க நன்றி ஐயா. பழைய 2 டன் ஜாக்கி சும்மா கிடக்கிறது. கார் வைத்திருப்பவர் யாருக்காவது வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள்ளலாம். கைப்பிடி மட்டும் துளசி மாடத்தில் இடித்ததில் கொஞ்சம் வளைந்திருக்கிறது.