படிவத்தில் கோப்பு ஏற்றும் பெட்டி வேணுமா, வேண்டாமா?

நிரலி | வெள்ளவத்தை

கொழும்பில் சின்ன நிறுவனங்களுக்கு வேர்ட்பிரஸில் (இணையத்தளம் கட்டும் மென்பொருள்) தளம் செய்து கொடுக்கிற எல்லாரிடமும் ஒரு வேண்டுகோள். அடையாள அட்டைப் பிரதி, பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட் என்று கோப்பு ஏற்றச் சொல்லும் பெட்டியை விண்ணப்பப் படிவத்தில் இனி வைக்காதீர்கள்.

போன கிழமை இங்கே ஒரு ரியூஷன் நிலையத்தின் தளத்தைப் பார்த்துத் தரச் சொன்னார்கள். படிவத்துக்கான போர்ம் பிளகினை (வேர்ட்பிரஸோடு இணைக்கும் துணை மென்பொருள்) யாரும் நீண்ட காலமாக அப்டேட் செய்யவில்லை. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள் எல்லாம் அப்லோட்ஸ் கோப்புறைக்குள் திறந்தபடி கிடந்தன. இணைப்பு தெரிந்த எவரும் லொகின் இல்லாமலே எடுக்கலாம்.

பேர்போன பிளகின் என்றால் பயமில்லை என்பவர்களுக்கு 2020 டிசம்பரை ஞாபகப்படுத்துகிறேன். 50 இலட்சத்துக்கு மேற்பட்ட தளங்களில் இருந்த கொன்டாக்ட் போர்ம் 7 என்ற படிவப் பிளகின், கோப்பின் பெயரைச் சரியாகச் சுத்தம் செய்யவில்லை. பெயருக்கு நடுவில் விசேட எழுத்தொன்றைச் செருகி, படம் போலக் காட்டி, சேர்வரில் ஓடக்கூடிய நிரலான பிஎச்பி கோப்பை ஏற்ற வழியிருந்தது. 5.3.2 பதிப்பில்தான் அடைத்தார்கள்.

ஹோஸ்டிங்காரன் | தெஹிவளை

அக்கா, நோக்கம் சரி, முடிவு பிழை. அந்த ஓட்டையை நானும் அப்ப விளக்கமாப் பார்த்தனான். கொன்டாக்ட் போர்ம் 7இல ஏத்தின கோப்பு எழுந்தமானமான பெயருள்ள கோப்புறைக்குள்ள போகும். வெளியில இருந்து திறக்க எச்டிஅக்சஸ் எண்ட சேர்வர் கட்டுப்பாட்டுக் கோப்பு விடாது. மின்னஞ்சல் போனதும் கோப்பு அழிஞ்சிடும். அதனால அதைப் பாவிச்சுத் தளத்தைப் பிடிக்கிறது லேசில்லை.

பெட்டியை எடுத்தாத் தப்பலாம் எண்டதும் சரியில்லை. 2025 ஜூனில போர்மினேட்டர் எண்ட படிவப் பிளகினுக்கு என்ன நடந்தது? 6 இலட்சத்துக்கு மேல தளங்கள். கோப்பு கேக்காத சாதாரண பெட்டிக்குள்ளயும் சேர்வரில இருக்கிற ஒரு கோப்பின்ர பாதையை வைச்சு அனுப்ப முடிஞ்சது. பிளகின் அதைத் தன்ர கோப்பு எண்டு நம்பிச்சு. அட்மின் வந்து "இது ஸ்பாம்" எண்டு அந்தப் பதிவை அழிக்கேக்க, அந்தப் பாதையில இருந்த கோப்பும் சேர்ந்து அழியும். அது தளத்தின்ர டேட்டாபேஸ் விபரம் இருக்கிற டபிள்யூபி-கொன்பிக் எண்டா, தளம் புதுசா நிறுவக் காத்திருக்கிற நிலைக்குப் போயிடும். அடிச்சவன் தன்ர டேட்டாபேஸைக் குடுத்துத் தளத்தையே எடுக்கலாம்.

இதுக்கு மருந்து பெட்டியை எடுக்கிறது இல்லை, 1.44.3க்கு அப்டேட் செய்யிறது. 2022 ஜூனில நிஞ்சா போர்ம்ஸ் எண்ட படிவப் பிளகினில இருந்த ஓட்டைக்கு வேர்ட்பிரஸ் தானே கட்டாய அப்டேட் தள்ளினது. உரிமையாளர் நித்திரையில இருந்தாலும் தளம் தப்பினது.

செட்டியார்தெரு

நான் நகைக்கடை நடத்துறன். தாலிக்கொடி, நெக்லஸ் எண்டு விருப்பமான டிசைன் படத்தைப் படிவத்தில ஏத்தித்தான் கனடாவில, லண்டனில இருக்கிற சனம் ஓடர் குடுக்குது. அந்தப் பெட்டியை எடுத்தா எனக்கு ஓடர் குறையும். தளம் செய்து தந்தவர் காசு வாங்கினதோட சரி, போன் எடுத்தா ஆளில்லை. அப்டேட்டைத் தொட்டு ஏதும் குழம்பினா யார் வந்து பாக்கிறது? காசு குடுத்து வாங்கிற பிளகினுக்கு மாறினாப் பிரச்சினை தீருமோ?

நிரலி | வெள்ளவத்தை

அண்ணை, காசு கொடுத்தால் பாதுகாப்பு என்று நம்ப வேண்டாம். கிராவிட்டி போர்ம்ஸ் காசுக்கு விற்கிற பிளகின்தான். 2025 ஜூலையில் அவர்களின் சொந்தத் தளத்தில் இருந்து இறக்கிய பொதிக்குள்ளேயே வெளியாள் தளத்துக்குள் நுழையக்கூடிய பின்கதவு இருந்தது.

நெக்லஸ் படம் வெளியே போனால் பெரிய நட்டமில்லை. உங்கள் படிவம் படங்களை மட்டும் ஏற்கட்டும், அப்லோட்ஸ் கோப்புறையில் பிஎச்பி ஓடாமல் தடுக்கச் சொல்லுங்கள், பெட்டி இருக்கட்டும்.

ஹோஸ்டிங்காரன் சொன்ன எச்டிஅக்சஸை என்ஜின்எக்ஸ் சேர்வர் வாசிக்காது, அதையும் கணக்கில் எடுங்கள். கொன்டாக்ட் போர்ம் 7 தானாக எதையும் சேமிக்காதது உண்மை. ஆனால் வாடிக்கையாளர் "எல்லாம் டாஷ்போர்டில் தெரிய வேணும்" என்றதும் சேமிக்கிற பிளகினை நாங்களே இன்னொன்றாகச் சேர்க்கிறோம்.

தளம் போனால் பக்கப்பில் (காப்புப் பிரதியில்) இருந்து திரும்ப எடுக்கலாம். பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, தாய் தகப்பன் விபரம் எல்லாம் உள்ள சான்றிதழ் ஒருமுறை வெளியே போனால் திரும்பி வராது. என் கவலை அதுதான்.

ஹோஸ்டிங்காரன் | தெஹிவளை

கிராவிட்டி போர்ம்ஸ் கதையை முழுசாச் சொல்லுங்கோ அக்கா. கெட்டது கையால இறக்கினதும் கம்போசர் எண்ட நிரலாளர் கருவியால இறக்கினதும். தானியங்கி அப்டேட் வந்த வழியை அது தொடவே இல்லை. அதால அண்ணை, வேர்ட்பிரஸ் 5.5இல இருந்து ஒவ்வொரு பிளகினுக்கும் பக்கத்தில தானியங்கி அப்டேட் சுவிட்ச் இருக்கு, அதைப் போடுங்கோ. பக்கப்பை அதே சேர்வரில வைக்காதேங்கோ. 2023இல இலங்கை அரசாங்க கிளவுட்டுக்கு, கோப்புகளைப் பூட்டிக் காசு கேக்கிற ரான்சம்வேர் அடிச்சு, மே 17இல இருந்து ஓகஸ்ட் 26 வரைக்குமான மின்னஞ்சல் போனது பக்கப் சரியா இல்லாததாலதான்.

சான்றிதழ் தேவையெண்டா கூகுள் போர்முக்கு மாறலாம். ஓட்டை அடைக்கிற வேலை அவையின்ர தலையில.

பிள்ளையின்_அப்பா | பம்பலப்பிட்டி

எனக்கு பிளகின் தெரியாது. ஒன்று கேட்கிறேன் நிரலி. அந்த நிலையத்தில் பிள்ளைகளைச் சேர்த்த பெற்றோருக்குச் சொல்லியாச்சா?

நிரலி | வெள்ளவத்தை

இன்னும் இல்லை. கோப்புகளை அன்றைக்கே வெளியில் இருந்து எட்டாத இடத்துக்கு மாற்றினேன், பெற்றோருக்கு அறிவிக்கும்படி எழுதியும் கொடுத்தேன். உரிமையாளர் யோசிக்கிறார். சேர்வர் பதிவேடு சில நாட்களுக்கு மட்டும்தான் இருந்தது, அதற்கு முந்தி யார் எடுத்தது என்று பார்க்க வழியில்லை.

ஹோஸ்டிங்காரன் | தெஹிவளை

யாரும் எடுத்ததுக்கு ஆதாரம் இல்லாம அறிவிச்சா வீணாப் பீதிதான் கிளம்பும். நிலையத்தையே இழுத்து மூட வேண்டி வரும்.

பிள்ளையின்_அப்பா | பம்பலப்பிட்டி

தம்பி, எடுக்கவில்லை என்பதற்கும் ஆதாரம் இல்லைத்தானே. பீதியடைவதா இல்லையா என்று நான் தீர்மானிக்க வேண்டும், கடிதத்தை மறைத்து வைத்திருப்பவர் அல்ல. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அறிவிக்கும் கடமை எழுதப்பட்டிருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் பிள்ளை எங்கள் பிள்ளை. கூகுள் போர்ம் என்றீர்கள். அதன் பாஸ்வேர்ட் அலுவலகத்தில் எத்தனை பேரிடம் இருக்கும்?

ஹோஸ்டிங்காரன் | தெஹிவளை

பாஸ்வேர்ட் விசயம் நியாயம் அண்ணை. அறிவிக்கிறதில உங்களோட இன்னும் உடன்படேல்லை. முதல்ல தேவையில்லாத கோப்பை அழிச்சு, ஓட்டையை அடைச்சு, பிறகு கதைக்கலாம் எண்டுதான் நினைக்கிறன்.

நிரலி | வெள்ளவத்தை

அழிப்பதும் அறிவிப்பதும் ஒரே நாளில் செய்யக்கூடிய வேலைகள். உரிமையாளருக்கு நாளை திரும்பப் போன் எடுக்கிறேன். பிறந்த திகதியை உறுதிப்படுத்த அசலை மேசையில் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால் போதும், பிரதி எதற்கு என்றும் கேட்பேன். பம்பலப்பிட்டி அண்ணை, உங்கள் பிள்ளை படிக்கிற இடத்திலும் இதையே கேளுங்கள்: எங்கே வைத்திருக்கிறீர்கள், யார் பார்க்கலாம், எப்போது அழிப்பீர்கள்.