வளாகத்தில் படப்பிடிப்பு: யாரிடமெல்லாம் சம்மதம் வாங்க வேண்டும்?

வணக்கம் நண்பர்களே, துறைக்காக ஒரு 10 நிமிட ஆவணப்படம் எடுக்கிறோம். தேதி, நேரம், இடம், கேமரா விவரம் எல்லாம் எழுதி, பல்கலைக்கழக நிர்வாகத்திடம் அனுமதிக் கடிதம் கொடுத்தாயிற்று. விடுதி, ஆய்வகம் பக்கம் போகப் போவதில்லை. ட்ரோனும் கிடையாது, அது தனித் தலைவலி.

குழப்பமெல்லாம் நூலக வாசலில்தான். பேட்டி கொடுப்பவர்களிடம் கையெழுத்து வாங்கிவிடலாம். பின்னால் நடந்து போகிறவர்கள்? முகம் தெளிவாகத் தெரிந்தால் அவர்களிடமும் எழுத்தில் சம்மதம் வேண்டுமா, 'இங்கே படப்பிடிப்பு நடக்கிறது' என்று பலகை வைத்தால் போதுமா? எனக்கென்னவோ பலகை மட்டும் போதாது என்றே படுகிறது.

இன்னொன்று, ஒரு வகுப்பை ஒலிப்பதிவு செய்யப் பேராசிரியர் சம்மதித்துவிட்டார். இடையில் கேள்வி கேட்கும் மாணவர்களின் குரலும் பதிவாகுமே, அதை எப்படிச் சமாளித்தீர்கள்? சம்மதப் படிவ மாதிரி யாரிடமாவது இருந்தால் பகிருங்கள்.