மஜ்ஜை ஸ்டெம் செல்: ஃப்ளோவில் ஒரு மார்க்கர்கூட வரவில்லை, அவசரம்

காட்பாடிக்காரி: ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (செல்லுக்கு ஒளிரும் சாயம் ஏற்றி, ஒவ்வொன்றாக லேசரில் பார்ப்பது) மூன்றாவது முறையும் போச்சு. மஜ்ஜையிலிருந்து எடுத்த செல்கள், மூன்றாவது பாசேஜ் (தட்டு மாற்றி வளர்த்தது), தட்டில் நன்றாக ஒட்டி நீள நீளமாக மீன் கூட்டம் திரும்புகிற மாதிரி வளைந்து நிற்கின்றன. ஆனால் இந்த செல்லுக்கு அடையாளமான மேற்பரப்புப் புரதங்கள் (மார்க்கர்) சிடி73, சிடி90, சிடி105 மூன்றுமே சுத்தமாக இல்லை, சாயம் போடாத ட்யூபின் மேலேயே வந்து உட்காருகிறது. வெள்ளிக்கிழமை கைடிடம் காட்ட வேண்டும்.

ஆம்பூரான்: செல்லைத் தட்டிலிருந்து எதை வைத்துப் பிரித்தீர்கள்? டிரிப்சின் நொதியை அதிக நேரம் விட்டால் மேற்பரப்புப் புரதத்தையே நறுக்கிவிடும். அதைவிட மென்மையான அக்குடேஸ் போட்டுப் பாருங்கள்.

பாலாற்றங்கரை: மெஷின் உங்கள் லேபிலேயே இருக்கிறதா?

காட்பாடிக்காரி: டிரிப்சின் 3 நிமிடம்தான். மெஷின் பாகாயம் பக்கம், சாயம் போட்டு ஐஸ் பெட்டியோடு ஆட்டோவில் போனேன்.

பாலாற்றங்கரை: அப்போ அதுதான்! இந்த வெயிலில் வேலூர் கிரீன் சர்க்கிள் நெரிசலில் மாட்டினால் ஐஸ் என்னத்துக்கு ஆகும்? ட்யூபை அலுமினியத் தாளில் சுற்றினீர்களா, வெளிச்சம் பட்டால் சாயம் வெளுக்கும்.

பழைய_கை: வெயிலைப் பிடித்துத் தொங்காதீர்கள் தம்பி. எந்த உயிரினத்தின் மஜ்ஜை, ஆன்டிபாடி (மார்க்கரில் போய் ஒட்டிச் சாயத்தைக் காட்டும் புரதம்) எந்தக் குளோன், அதாவது எந்த வகை? இதை எழுதாமல் உதவி கேட்கக் கூடாது என்று எத்தனை முறை சொல்வது? 2006இல் ஐஎஸ்சிடி (செல் சிகிச்சைக்கான சர்வதேச சங்கம்) சொன்ன கணக்கு, அந்த மூன்றும் 95 சதவீதத்துக்குக் குறையாமல், சிடி34, சிடி45 போன்ற ரத்த செல் மார்க்கர்கள் 2 சதவீதத்துக்குள் என்பது, மனித செல்லுக்கானது. அப்புறம், இவற்றை ஸ்டெம் செல் என்பதே தப்பு, ஸ்ட்ரோமல் செல் (தாங்கு திசுவின் செல்) என்று எழுதுங்கள். 1991இல் அந்தப் பெயரைப் பரப்பிய அமெரிக்க உயிரியலாளர் கேப்லனே 2017இல் அதை மாற்றச் சொல்லிவிட்டார்.

ஆம்பூரான்: பெயர் என்றால், ஸ்டெம் செல்லைக் குருத்தணு என்று தமிழிலேயே எழுதலாமே சார். பனங்குருத்து தெரிந்தவனுக்கு விளக்கமே வேண்டாம்.

பழைய_கை: ஸ்ட்ரோமல் செல்லுக்கு அது பொருந்தாது. குருத்து என்றாலே அதிலிருந்து புதிதாக முளைக்கும் என்றுதான் அர்த்தம்.

பாலாற்றங்கரை: எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்பு மூன்றாகவும் மாறுகிறதே, அது முளைப்பது இல்லையா?

காட்பாடிக்காரி: விஸ்டார் எலி சார். எங்கள் லேபில் எல்லோரும் எலிதான், அதனால் எழுதவில்லை. சிடி90 குளோன் 5இ10, மற்ற இரண்டும் அதே மனித கிட்டில் வந்தவை.

பழைய_கை: 5இ10 எலியில் ஒட்டாது அம்மா. செல்லில் குறையே இல்லை. எலியின் சிடி90க்கு ஓஎக்ஸ்-7 என்ற குளோன் வாங்குங்கள். கூடவே எலியின் நெஞ்சிலுள்ள தைமஸ் சுரப்பியின் செல்லை ஒரு ட்யூபில் ஓட்டுங்கள், அதில் சிடி90 கொட்டிக் கிடக்கும், ஆன்டிபாடி வேலை செய்கிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

காட்பாடிக்காரி: பக்கத்து லேபில் ஓஎக்ஸ்-7 கடன் கிடைத்தது. தைமஸும் வந்தது, என் செல்லும் வந்தது, கிராஃபில் கூட்டம் மொத்தமாக வலப்பக்கம் நகர்ந்துவிட்டது, அதாவது சாயம் ஏறிவிட்டது. ரொம்ப நன்றி சார், கைடைப் பார்க்க ஓடுகிறேன்.

ஆம்பூரான்: சிடி45 பார்த்தீர்களா? மேக்ரோஃபேஜ் என்ற நோய் எதிர்ப்பு செல்லும் தட்டில் ஒட்டும், அதில் சிடி45 இருக்கும்.