ஏற்காட்டில் நேரடித் தேர்தல், சேலத்தில் மறைமுகத் தேர்தல்: எது கூடுதல் ஜனநாயகம்?

கேள்வி (நாகலூர் வாசகர்):
சேர்வராயன் மலையில் வாழும் நாங்கள் ஊராட்சித் தலைவரை நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறோம். மலையிறங்கிச் சேலத்தில் குடியேறிய என் தங்கைக்கோ மாமன்ற உறுப்பினருக்கு மட்டுமே வாக்கு. 60 உறுப்பினர்கள் கூடித்தான் மேயரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். குரூப் 2 தேர்வுக்குப் படிக்கும் என் மகள், நேரடித் தேர்தலே உண்மையான ஜனநாயகம் என்கிறாள். அது சரிதானா?

பதில் (அஸ்தம்பட்டி, ஓய்வுபெற்ற ஆசிரியர்):
ஐயா, இரண்டுமே ஜனநாயகம்தான். தலைவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதில்தான் வேறுபாடு. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் நான்கு ஆண்டுக் காலத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படுவதால், அவருடைய கொள்கை பிடிக்கவில்லை என்பதற்காக மட்டும் நாடாளுமன்றம் அவரை வீட்டுக்கு அனுப்ப முடியாது. நம் பிரதமரும் அமைச்சர்களும் அரசமைப்பின் 75ஆவது உறுப்பின்படி மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்பானவர்கள் என்பதால், 1999 ஏப்ரலில் வாஜ்பாய் அரசு 269க்கு 270 என்று ஒரே வாக்கில் கவிழ்ந்தது. உங்கள் ஊராட்சித் தலைவர் முதல் வகையை ஒத்தவர், எங்கள் மேயர் இரண்டாம் வகையை ஒத்தவர். மேயர் தேர்தல் 1996, 2001, 2011 ஆகிய ஆண்டுகளில் நேரடியாகவும், 2006, 2022 ஆகிய ஆண்டுகளில் மறைமுகமாகவும் நடந்தது. இம்மாற்றங்களில் கோட்பாட்டைவிடக் கட்சிகளின் கணக்கே மிகுதி என்பது என் கருத்து.

பதில் (சட்ட மாணவர், சேலம்):
ஆசிரியர் சொன்ன ஒப்புமை ஓரிடத்தில் பொருந்தவில்லை. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994இன் 205ஆம் பிரிவின்படி, ஊராட்சித் தலைவரை நீக்குவது பற்றி உறுப்பினர்களின் கருத்து கேட்கப்பட்டாலும், முடிவெடுப்பவர் மாவட்ட ஆட்சியர். மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த ஒருவரை, யாராலும் தேர்ந்தெடுக்கப்படாத அதிகாரி நீக்கலாம் என்பதையும் உங்கள் மகள் கணக்கில் எடுக்க வேண்டும். மறுபுறம், வாக்காளர் பட்டியலில் உள்ள அனைவரும் உறுப்பினராக இருக்கும் கிராம சபை உங்களிடம் இருக்கிறது. பிரதிநிதி இல்லாமல் குடிமக்களே கூடிப் பேசும் நேரடி ஜனநாயகத்துக்கு நம் நாட்டில் அதுவே மிக நெருக்கமான வடிவம்.

கேட்டவர்:
கிராம சபைக்கு நான் இரண்டு முறைதான் போயிருக்கிறேன், அதுவும் குடிநீர்க் குழாய்க்காக. அப்படியானால் தேர்தல் முறையை விட்டுவிட்டு வேறு எதைப் பார்க்க வேண்டும்?

பதில் (அம்மாபேட்டை வாசகி):
தேர்தல் நடக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும், அண்ணா. 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்த பிறகு, ஊரகத் தேர்தல் நம் மாவட்டத்தில் 2019 டிசம்பரில்தான் நடந்தது. மாநகராட்சித் தேர்தலோ 2022 பிப்ரவரி வரை நடக்கவில்லை. பதவிக்காலம் முடியும் முன்பே தேர்தலை முடிக்க வேண்டும் என்று அரசமைப்பின் 243யு உறுப்பு கூறியும், ஐந்தாண்டுக்கு மேலாகச் சேலத்தில் மேயரும் இல்லை, மாமன்ற உறுப்பினரும் இல்லை. சாக்கடை அடைத்துக்கொண்டால் எங்கள் தெருவினர் மனுவோடு போய் நின்றது தனி அலுவலரின் அலுவலகத்தில்தான்.